திருகோணமலையின் தொல்லியலைச் சொல்லி இணையத்தில் வருமானம் ஈட்டுவது எப்படி?

திருகோணமலை மாவட்டத்தில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளும், பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டும், தமிழ்ப் பௌத்தர்கள் பேணிய விகாரையும், போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்கள் கிடக்கும் கடலடியும் ஒன்றுக்கொன்று அதிக தொலைவில்லாமல் அமைந்துள்ளன. இவற்றைப் பற்றி இணையத்தில் தமிழில் வெளியாகும் காணொளிகளுள் பல, ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்ட அதே சில வரிகளையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கல்லின் அருகே சென்று, அதைப் படித்தவர்கள் எழுதியதைத் தேடிப் பார்த்து, பொறுமையாக விளக்குபவர்கள் குறைவு. கைத்தொலைபேசியும் இணைய இணைப்பும் வைத்திருக்கின்ற, வாரத்தில் சில மணி நேரத்தை ஒழுங்காக ஒதுக்கக்கூடிய திருமலை இளையோர் அந்த இடத்தை நிரப்பி, அதிலிருந்து ஒரு துணை வருமானத்தையாவது தேடிக்கொள்ளலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை. அதற்கான வழிமுறையைக் கீழே விளக்குகிறேன்.

சட்டத்தை முதலில் அறிந்துகொள்க

தொல்பொருளை வைத்துப் பணம் ஈட்டலாம் என்றவுடன் புதையலையும் பழைய நாணயத்தையும் நினைப்பவர்கள் நம்மிடையே உள்ளனர். அந்த எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, இன்னும் கண்டெடுக்கப்படாத தொல்பொருட்கள் அரசுக்கே உரியவை. உங்கள் சொந்த வளவில் கிணறு வெட்டும்போது ஒரு சிலை வெளிப்பட்டாலும், நிலம் உங்களுடையது என்ற காரணத்தால் மட்டும் அது உங்களுடையதாகிவிடாது; உரிய அதிகாரிகளுக்கு உடனே அறிவிக்க வேண்டும். அனுமதிப்பத்திரமின்றி அகழ்வதும், தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் குற்றங்களாகும். 1950ஆம் ஆண்டில் கோணேசர் கோயில் அருகே கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் உள்ளிட்ட வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. அவை மறைக்கப்பட்டு விற்கப்பட்டிருந்தால் இன்று வழிபாட்டுக்கும் வரலாற்றுக்கும் இல்லாமலே போயிருக்கும்.

பழைய நாணயத்துக்கும் அரிய நாணயத்தாளுக்கும் இலட்சக்கணக்கில் விலை தருவதாக முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் விளம்பரங்களிலும் எச்சரிக்கை தேவை. பதிவுக் கட்டணம், வரி, அனுப்பும் செலவு என்று முன்பணம் கேட்பதே அவற்றின் வழக்கம். ஒருவர் வாங்குபவராக இருந்தால் உங்களிடம் பணம் கேட்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

படப்பிடிப்புக்கும் விதிகள் உண்டு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் வணிக நோக்கில் படம் பிடிப்பதற்குத் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி பெற வேண்டும். கோணேசர் கோயிலுக்குச் செல்லும் பாதை பிரெட்ரிக் கோட்டையின் ஊடாகச் செல்கிறது. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் முகாமையும் காவலரணையும் படம் எடுக்கக் கூடாது. கோயிலுக்குள் எதைப் படம் பிடிக்கலாம் என்பதை ஆலய நிர்வாகத்திடம் கேட்டறிக. ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட வேண்டும். கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் உள்ள இந்த ஊரில் இது எளிதில் கிடைக்கும் அனுமதி என்று எண்ணிவிடாதீர்கள். தரையில் நின்று எடுக்கும் நல்ல படங்களே தொடக்கத்துக்குப் போதுமானவை.

ஒரே ஒரு சான்றிலிருந்து தொடங்குக

‘திருகோணமலையின் மூவாயிரம் ஆண்டு வரலாறு’ என்ற தலைப்பில் முதல் காணொளியைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது காணொளியோடு சொல்வதற்குச் செய்தியின்றி நின்றுவிடுகிறார்கள். ஒரு கல்வெட்டை, ஒரு தூணை, ஒரு சிலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி ஐந்து கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: எங்கே கிடைத்தது, யார் முதலில் படித்தார்கள், கல்லில் உண்மையில் என்ன உள்ளது, காலத்தை எப்படிக் கணித்தார்கள், அதில் எஞ்சியிருக்கும் ஐயம் என்ன. இந்த ஐந்துக்கும் விடை கிடைத்துவிட்டால் உங்கள் எழுத்துப்படி முக்கால் பங்கு முடிந்துவிட்டது.

எனக்கு மிகவும் நெருக்கமான ஒரு எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கந்தளாயோடு தொடர்புடைய பாலமோட்டைக் கல்வெட்டு, முதலாம் விஜயபாகு மன்னனின் 42ஆவது ஆட்சியாண்டைக் குறிப்பிடும் தமிழ்ச் சாசனம். பிராமண குலத்துப் பெண் ஒருவர், இறந்துபோன தம் கணவரின் நினைவாக அங்கிருந்த சிவாலயத்துக்கு அளித்த தானத்தையும், அந்தத் தானத்தை வேளைக்காரர் எனப்பட்ட தமிழ்ப் படையினரின் பாதுகாப்பில் ஒப்படைத்ததையும் அது பதிவு செய்கிறது. சோழரை எதிர்த்துப் பொலன்னறுவையைக் கைப்பற்றிய சிங்கள மன்னனின் ஆட்சியில், தமிழ்ப் படையினர் ஒரு கைம்பெண்ணின் சிவதானத்துக்குக் காவலாக நின்றிருக்கிறார்கள். இந்த ஒரு கல்லே பதினைந்து நிமிடக் காணொளிக்குத் தாராளமாகப் போதும். அதைப் பார்ப்பவர் இறுதிவரை இருப்பார், ஏனெனில் அங்கே ஒரு மனிதரின் துயரமும் ஒரு காலத்தின் அமைப்பும் சேர்ந்தே நிற்கின்றன.

பெரியகுளம் பகுதியிலுள்ள வெல்கம் விகாரையும் இத்தகையதே. சோழர் காலத்தில் ‘இராஜராஜப் பெரும்பள்ளி’ எனப் பெயர் பெற்ற இந்தப் பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரிப்பது முதலான திருப்பணிகளுக்காகத் தமிழர்கள் அளித்த கொடைகளைத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. மக்கள் இதை நாதனார் கோயில் என்றும் அழைத்து வந்துள்ளனர். வடக்கே திரியாயில், கிரிகண்டு சேய என்ற பழைய பௌத்தத் தூபியின் அருகே, வணிகர்களைக் குறிப்பிடும் வடமொழிக் கல்வெட்டு பாறையில் உள்ளது. எழுத்தமைதியை வைத்து அதனை ஏறத்தாழ 7ஆம், 8ஆம் நூற்றாண்டுக்குரியதாகக் கொள்கிறார்கள். இவற்றைப் பற்றிப் பேசும்போது, ‘இது யாருடையது’ என்ற சண்டையைக் கிளப்பினால் பார்வைகள் விரைவாகக் குவியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வழியில் போக வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். நம் மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள். ஒரு தவறான தலைப்பின் விளைவை அனுபவிப்பது காணொளியைத் தயாரித்தவர் மட்டும் அல்ல. கல்வெட்டின் வாசகத்தைத் திரையில் முழுமையாகக் காட்டிவிட்டு, அதற்குப் பொருள் சொன்னவர் யார் என்று கூறினால், பார்ப்பவர் தாமே முடிவுக்கு வருவார்.

கல்லில் இருப்பதையும் வாய்மொழியாக வந்ததையும் பிரித்துக் காட்டுவது இந்தத் துறையில் மிக முக்கியமான பழக்கம். பிரெட்ரிக் கோட்டை வாயிலில் மீன் சின்னத்தோடு காணப்படும் கல்வெட்டைப் பலரும், கோணேசர் கோயில் திருப்பணியோடு மரபில் இணைத்துப் பேசப்படும் மன்னனைப் பாடும் ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கும் முழுப் பாடலாகவே ஒப்புவிக்கிறார்கள். கல் சிதைந்திருப்பதால் அதில் எஞ்சியுள்ள எழுத்துகள் ஒரு பகுதிதான்; மீதிப் பகுதி மரபுவழியாகக் கிடைத்த பாடலிலிருந்து நிரப்பப்படுகிறது. இதைச் சொல்வதால் குளக்கோட்டன் மரபுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. அதேபோல கோயில் அருகே பாறையில் உள்ள பிளவான இராவணன் வெட்டைப் பற்றிய கதையை ஐதிகம் என்றும், ‘கோணமாமலை அமர்ந்தாரே’ என்று திருஞானசம்பந்தர் பாடியதை 7ஆம் நூற்றாண்டு இலக்கியச் சான்று என்றும், 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையின் அடியில் கடலில் மூழ்கிக் கண்ட கோயில் இடிபாடுகளைப் பொருட்சான்று என்றும் தனித்தனியே பெயரிட்டுச் சொல்ல வேண்டும். மூன்றும் வேண்டியவையே, மூன்றும் ஒரே வகைச் சான்றுகள் அல்ல.

படிப்பதற்கு எங்கே போவது? நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் ஈழத்து வரலாற்று நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பரணவிதான, இந்திரபாலா, பத்மநாதன், புஷ்பரட்ணம் ஆகிய ஆய்வாளர்களின் பெயர்களோடு இடப்பெயரைச் சேர்த்துத் தேடினால் நல்ல கட்டுரைகள் கிட்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கல்வெட்டின் வாசகத்தைக் கேட்டுப் பெற்று அப்படியே வாசித்துவிடாதீர்கள். அது இல்லாத வரிகளையும் இருப்பதுபோல எழுதிவிடும். எழுத்துப்பிழை திருத்தவும் ஆங்கிலச் சுருக்கம் தயாரிக்கவும் அதனைப் பயன்படுத்தலாம்.

கல்லைப் படம் பிடிக்கும் முறை

நண்பகல் வெயிலில் எடுத்த கல்வெட்டுப் படத்தில் எழுத்துத் தெரியாது. ஒளி நேராக விழும்போது வெட்டெழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுவதில்லை. காலை அல்லது மாலையில், சூரியன் கல்லின் பக்கவாட்டில் இருக்கும் நேரத்தில் எடுங்கள். நிழலான இடமாக இருந்தால் நண்பர் ஒருவரைக் கைவிளக்கைக் கல்லின் ஓரத்தில், மேற்பரப்பை ஒட்டினாற்போல் சாய்வாகப் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு எட்டாத எழுத்துகள்கூட எழுந்து நிற்கும். இடமிருந்து ஒரு முறை, வலமிருந்து ஒரு முறை, மேலிருந்து ஒரு முறை என ஒளியை மாற்றி எடுக்க வேண்டும். ஒரு படத்திலாவது அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுண்ணக்கட்டியால் தேய்ப்பது, எண்ணெய் பூசுவது, தண்ணீர் ஊற்றித் தூரிகையால் துடைப்பது ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். ஆயிரம் ஆண்டு தாங்கிய எழுத்து நம் ஒரு மாலைப் படப்பிடிப்பில் தேய்ந்து போகலாம். கல்லின் மீது தாள் ஒட்டி மைப்படி எடுக்கும் வேலை திணைக்களத்தின் பயிற்சி பெற்ற அலுவலர்களுக்கு உரியது.

ஒலிக்கு மட்டும் சிறிது செலவு செய்யுங்கள். சுவாமி மலையிலும் டச்சு விரிகுடாக் கரையிலும் காற்று ஓயாது அடிப்பதால் தொலைபேசியின் ஒலிவாங்கி பயன்படாது. சட்டையில் செருகும் சிறிய ஒலிவாங்கி போதும். அல்லது விளக்கவுரையை வீட்டில் பதிவு செய்து படத்தோடு இணைத்துக்கொள்ளலாம்.

புதிய கண்டுபிடிப்புச் செய்திகளைச் சொல்லும்போது

உள்ளூர்ச் சான்றுகளோடு பெரிய செய்திகளையும் இடையிடையே எடுத்துக்கொண்டால் புதிய பார்வையாளர்கள் வருவார்கள். ஆனால் எண்களை விழிப்போடு சொல்ல வேண்டும். தமிழகத்தின் கீழடி அகழாய்வில் 353 சென்ரிமீற்றர் ஆழத்தில் கிடைத்த ஒரு கரிமாதிரி கி.மு. 580 அளவில் காலம் கணிக்கப்பட்டது என்பது செய்தி; ‘கீழடி முழுவதும் கி.மு. 580’ என்பது செய்தி அல்ல. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட இரும்புக் கால அறிவிப்பில், அங்குள்ள சிவகளை அகழாய்வு இடத்தின் கி.மு. 3345 என்ற கணிப்பு இரும்போடு சேர்ந்து கிடைத்த கரிமாதிரியிலிருந்து பெறப்பட்டது. எந்தப் பொருளை, எந்த முறையில் அளந்தார்கள் என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டால் உங்கள் காணொளியை ஓர் ஆசிரியர் வகுப்பில் போட்டுக்காட்டத் தயங்க மாட்டார். அத்தகைய காணொளிகள் வெளியான வாரத்தோடு அடங்கிவிடாமல் பரீட்சைக் காலந்தோறும் தேடிப் பார்க்கப்படும்.

ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்களுக்குக் காலி மும்மொழிக் கல்வெட்டு ஒரு நல்ல தலைப்பு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய, 1409 என்ற ஆண்டைக் கொண்ட இந்தக் கல், 1911இல் காலியில் மதகு மூடியாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை அளித்ததைச் சொல்கின்றன. உலகெங்கும் வாசகர் உள்ள இதில், தமிழ்ப் பகுதியைத் தாமே படித்து விளக்கக்கூடியவர் என்ற தகுதி உங்களுக்கு இருக்கிறது.

வருமானம் எங்கிருந்து வரும்

யூடியூப் விளம்பரப் பங்கைப் பெறுவதற்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை. குறுங்காணொளி வழியாகச் செல்பவருக்கு 90 நாட்களில் ஒரு கோடிப் பார்வைகள் வேண்டும். நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 வீதமும், குறுங்காணொளிகளில் 45 வீதமும் படைப்பாளருக்குக் கிடைக்கும். தொல்லியல் போன்ற துறையில் குறுங்காணொளியை அழைப்பிதழாக மட்டும் பயன்படுத்தி, உழைப்பை நீண்ட காணொளியில் இடுவதே நன்று. பார்ப்பவர் வாழும் நாட்டைப் பொறுத்து விளம்பர வீதம் மாறும். கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழும் நம்மவர்கள் பார்க்கும் ஒரு பார்வை, இலங்கையில் பார்க்கப்படும் ஒரு பார்வையைக் காட்டிலும் பொதுவாக அதிகம் தரும். ரொறன்ரோவில் மாலையாகும்போது இங்கே அதிகாலை என்பதை நினைவில் வைத்து வெளியிடும் நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பிறர் காணொளிகளை வெட்டி ஒட்டி, இயந்திரக் குரலில் வாசித்துப் பெருமளவில் தயாரிக்கப்படும் காணொளிகளுக்கு யூடியூப் விளம்பர வருவாயை மறுக்கிறது. 2025 ஜூலையில் அந்த விதி மேலும் தெளிவாக்கப்பட்டது.

எழுத விரும்புபவர்கள் சொந்த இணையத்தளம் ஒன்றைத் தொடங்கலாம். தளங்களில் விளம்பரம் இட்டு அதன் வருவாயைப் பகிரும் கூகுளின் அட்சென்ஸ் சேவை 2018 முதல் தமிழ்த் தளங்களையும் ஏற்கிறது. தமிழ்க் கட்டுரையோடு, அந்த இடத்துக்கு எப்படிச் செல்வது, எத்தகைய உடை அணிய வேண்டும், எந்த நேரம் ஏற்றது என்ற விவரங்களை ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். கிழக்குக் கரைக்குச் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வருவதால், அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அந்தப் பக்கங்கள் தயாராக இருக்க வேண்டும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதி நடத்துபவர்கள் விருந்தினருக்குக் கொடுக்க நல்ல சிறு வழிகாட்டியைத் தேடுகிறார்கள். அதை எழுதிக் கொடுத்துக் கட்டணம் பெறுவது, விளம்பரப் பணத்துக்காகக் காத்திருப்பதைவிட விரைவான வழி.

படங்களை அடோபி ஸ்டொக் போன்ற தளங்களில் வைக்கலாம். அங்கே புகைப்படத்துக்கு 33 வீதமும் காணொளித் துண்டுக்கு 35 வீதமும் பங்காகக் கிடைக்கும். நினைவுச் சின்னங்களின் படங்களுக்கு உரிமை தொடர்பான கட்டுப்பாடுகள் இருப்பதால் ஒவ்வொரு தளத்தின் விதியையும் படித்த பிறகே ஏற்றுங்கள். இந்த வழியில் பெரிய வருமானத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

தொடக்கத்தில் கைக்குப் பணம் வருவதற்கு, என் மதிப்பீட்டில், சேவை விற்பனையே சிறந்தது. வரலாற்று அலைவரிசைகளுக்கு எழுத்துப்படி எழுதுதல், தமிழ் வசன வரி அமைத்தல், தமிழ்க் குரல் கொடுத்தல், பழைய தமிழ் நூற்பக்கங்களைத் தட்டச்சு செய்தல் ஆகிய பணிகளைப் பைவர், அப்வேர்க் போன்ற இணையவழிச் சேவை விற்பனைத் தளங்களில் பட்டியலிடலாம். பைவர் 20 வீதத்தை எடுத்துக்கொள்வதால் 50 டொலர் வேலைக்கு 40 டொலர் உங்களுக்கு எஞ்சும். விலை குறிக்கும்போதே இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நீங்கள் தயாரித்த இரண்டு மூன்று காணொளிகளே அங்கே உங்கள் சான்றிதழ்கள். இவ்வாறு பாலமோட்டைக் கல்வெட்டுக்காகச் செய்த ஒரே வாசிப்பிலிருந்து தமிழ்க் காணொளி, ஆங்கிலப் பயணக் குறிப்பு, சில படங்கள், பிறருக்கான ஓர் எழுத்துப்படி என நான்கு வழிகள் திறக்கும்.

பிறர் எடுத்த படங்களைப் பயன்படுத்தும்போது உரிமத்தைப் பாருங்கள். விக்கிமீடியா பொதுவகத்தில் உள்ள பல படங்களை எடுத்தவரின் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டு வணிக நோக்கிலும் பயன்படுத்தலாம். கூகுள் தேடலில் கண்ணில் பட்ட படத்துக்கு அந்த அனுமதி இல்லை.

பணம் வங்கிக்கு வரும் வழி

யூடியூப் வருவாயும் அட்சென்ஸ் வழியாகவே வரும். அட்சென்ஸ் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்தும் இரகசிய இலக்கம் தபாலில் வரும். கிராமத்து முகவரியாயின் கிராமத்தின் பெயர், தபால் நிலையம், தபாற் குறியீடு ஆகியவற்றைத் தெளிவாகக் கொடுங்கள். தபாற்காரருக்கும் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். 100 டொலர் சேர்ந்த பின் அடுத்த மாதம் 21ஆம் திகதிக்கும் 26ஆம் திகதிக்கும் இடையில் பணம் அனுப்பப்படும். இலங்கையில் அதனை நேரடியாக வங்கிக் கணக்கில் பெறலாம். கணக்கில் உள்ள பெயரும் அட்சென்ஸில் உள்ள பெயரும் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும். சேவைத் தளங்களிலிருந்து பணம் பெறுவதற்கு இங்குள்ளவர்கள் பெரும்பாலும் பேயோனியர் என்ற இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவையைப் பயன்படுத்துகிறார்கள்.

யூடியூப் வருவாய்க்கு அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பத் தவறாதீர்கள். நிரப்பாவிட்டால் உலகெங்கும் கிடைத்த மொத்த வருவாயிலும் 24 வீதம் வரை பிடிக்கப்படலாம். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர் வழி வந்த பகுதிக்கு மட்டுமே பிடிப்பு. அமெரிக்காவோடு இலங்கைக்கு வரி உடன்படிக்கை உள்ளதால் அதற்குரிய பகுதியையும் படிவத்தில் நிரப்புங்கள்.

உள்நாட்டில், வெளிநாட்டு நாணயத்தில் பெறும் சேவை வருமானத்துக்கு இருந்த வரிவிலக்கு 2025 மார்ச் 31ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இப்போது ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. அதற்கு மேற்பட்ட இத்தகைய வருமானத்துக்கு உச்ச வரி 15 வீதம் ஆகும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் பெற்று, வங்கிக்கு வந்த ஒவ்வொரு தொகையின் பற்றுச்சீட்டையும், ஒலிவாங்கி வாங்கியது, திரியாய்க்குச் சென்ற பயணச் செலவு போன்றவற்றின் சீட்டுகளையும் மாதவாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஏப்ரல் 1 முதல் மறு ஆண்டு மார்ச் 31 வரையான கணக்கை நவம்பர் 30ஆம் திகதிக்குள் சமர்ப்பிக்க வேண்டும்.